எலி விருந்து

மளிகைக் கடைப் பரணில் குடியிருந்த சுண்டெலி செங்கமலத்துக்கு, மகளின் படிப்பை நினைத்தாலே எரிச்சல். பெருச்சாளி வாத்தியார் எழுத்துக் கூட்டவே விடுவதில்லை. "படத்தைப் பார்த்து ஊகித்தால் போதும்மா, படிப்பு தானாக வரும்" என்பார்.

ஒருநாள் பரண் மூலையில் புதிதாக ஒரு பாக்கெட் கிடந்தது. மேலே, எலி ஒன்று தானியம் தின்னும் படம்; அதன் கீழே பெரிய எழுத்தில் இரண்டு சொற்கள்.

"எலி விருந்து!" என்று படித்த மகள் அதைக் கடிக்கப் போனாள். செங்கமலம் அவள் வாலைப் பிடித்து இழுத்தாள்.

"ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிடி!"

"ம... ரு... ந்... து. ஐயோ, மருந்தாம்மா!"

செங்கமலம் வாத்தியாரைக் கூட்டிவந்து பாக்கெட்டைக் காட்டினாள். "நீங்களே படிங்க ஐயா."

வாத்தியார் படத்தைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார். "விருந்தா? எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டு, அவரையும் மகள் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"சொல்லுங்க ஐயா. ம..."