அவன் அடுக்கிய கட்டு

அவளுக்கு வந்த முதல் சீட்டில் இறக்கை முளைத்த ஓணான் ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது.

ராஜா இல்லை. ராணி இல்லை. ஆட்டின் இல்லை, இஸ்பேட் இல்லை.

மூலையில் ஓர் எண். அடியில் கடுகு கடுகாக நான்கு வரி எழுத்து.

"துருப்பு எது?" என்று கேட்டாள்.

"துருப்பு கிடையாதுங்க," என்றான் நவநீதன். "இது உங்க கட்டு. இது என் கட்டு. அவங்கவங்க கட்டுலருந்து அவங்கவங்க எடுத்துக்கணும்."

அடுத்த மேசையில் கோகிலா அண்ணி பப்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பையனும் பெண்ணும் கொஞ்சம் பேசட்டும் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து குறித்த பேக்கரி இது. இங்கிருந்து எழும்போது அண்ணியிடம் அவள் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். வீட்டில் அப்பா கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறார்.

வந்ததும் இரண்டு சீட்டுக்கட்டுகளை மேசையில் வைத்து நவநீதன் சொன்னது ஒன்றுதான். "எனக்குப் பேச வராதுங்க. இது வரும்."

அவளுக்கும் பேச வராது. தலையாட்டிவிட்டாள்.

அவள் அறிந்த சீட்டு விடுதியில் ஆடியது. கழுதை, ரம்மி. யார் வாங்கி வந்தாலும் அதே ஐம்பத்திரண்டு. ஏழு என்றால் ஏழு. யார் கைக்கு என்ன போகிறதென்று போடுகிறவளுக்கே தெரியாது. பெரும்பாலும் கழுதை இவள்தான். அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக முடியாது. சீட்டு அப்படி வந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஏழு ஏழாக நிற்கவில்லை. கடுகெழுத்தைப் படித்தால் பத்தாகிறது. பக்கத்தில் இன்னொன்று வந்து விழுந்தால் இரண்டாகிறது. தன் சட்டத்தைத் தானே எழுதிக்கொண்டு வருகிற சீட்டு.

"கடையில பாக்கெட்டா விப்பாங்க," என்றான். "பிரிச்சாத்தான் உள்ள என்னன்னு தெரியும். தேறுனத வெச்சு நாமளே ஒரு கட்டு அடுக்கிக்கலாம்."

"அப்ப இத யாரு அடுக்குனது?"

"நாந்தானுங்க. நல்லதாப் பாத்துத்தான் வெச்சிருக்கேன்."

நல்லதாகப் பார்த்து.

அவள் படித்த வேதியியல். வேலை பார்க்கும் ஆய்வகம். இப்போது உடுத்தியிருக்கும் இந்தச் சேலை. எல்லாமே வீட்டார் அப்படிப் பார்த்துக் கொடுத்தவை. எதுவும் மோசமில்லை.

ஓணானை இறக்கினாள். அவன் சீட்டு விழுந்தது.

அடுத்து தந்தம் நீண்ட யானை. அதுவும் வென்றது. எடுப்பதெல்லாம் பெரிதாகவே வந்தது. சில சமயம் அவளே படித்து முடிப்பதற்குள், "ஆமாங்க, அதைத்தான் போடணும்" என்றான்.

ஜெயித்துவிட்டாள்.

"அட, பிரமாதங்க!"

அவன் முகத்தில் தோற்ற களையே இல்லை.

"மாப்ள பாக்கக் கூட்டிட்டு வந்தா ரெண்டு பேரும் சீட்டாடிட்டு உக்காந்திருக்கீங்க," என்றாள் அண்ணி, அங்கிருந்தே. "மாமாகிட்ட என்னன்னு சொல்றது? பையன் சீட்டாடறாரு, அதுலயும் தோத்துட்டாருன்னா?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

"கட்ட மாத்திக்கலாமா?" என்று கேட்டாள்.

"அது வேண்டாங்க. உங்களுக்கு அது சரிப்படாது."

அதற்குள் எடுத்துவிட்டாள்.

புழு. குஞ்சு. மறுபடி புழு. ஒன்றுமே செய்யாத ஒரு முட்டை. அதற்குக் கடுகெழுத்துகூட இல்லை. ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

அடிவரைக்கும் அதுதான்.

"தோக்கறதுக்குன்னே அடுக்குனீங்களா?"

அவன் காது மடல் சிவந்தது.

"மொத ஆட்டம் பாருங்க. ஜெயிச்சா சந்தோஷப்படுவீங்கன்னு... நேத்துப் பூராவும் உக்காந்து அடுக்குனேன்."

ஒரு நாள் முழுக்க அவளையே நினைத்துக்கொண்டு ஒருவன் புழுக்களைப் பொறுக்கியிருக்கிறான். அதை நினைத்தால் சிரிப்பு வந்தது. அவள் ஜெயிக்க வேண்டும் என்பதை அவளைக் கேட்காமலே முடிவு செய்திருக்கிறான். அதற்கு என்ன வருகிறதென்று அவளுக்கே பிடிபடவில்லை.

கோபமா? கோபத்துக்கு இவ்வளவு இனிப்பு இருக்காது.

அன்பா? அன்பென்றால் ஏன் இப்படி உறுத்துகிறது?

"அம்மிணி, போலாமா?" அண்ணி கை கழுவிவிட்டு வந்து நின்றாள். "மாமா ரெண்டு தடவ கூப்ட்டுட்டாரு. என்னன்னு சொல்லட்டும்?"

அவள் புழுக்கட்டை எடுத்தாள். ஓணான் கட்டுக்குள் செருகினாள்.

"ஐயோ, அது..."

கலைத்தாள்.

சீட்டுகளுக்கு அவன் போட்டிருந்த கண்ணாடித்தாள் உறைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின. முதுகுப் பக்கம் எல்லாம் ஒரே நீலம். இன்னொரு முறை கலைத்தாள். அவன் நீட்டிய கை அந்தரத்தில் நின்று, பிறகு மெல்ல மடிக்குத் திரும்பியது.

அவனுக்கொன்று, தனக்கொன்று. மாற்றி மாற்றிப் போட்டாள்.

எடுத்துப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. ஒன்றை முன்னே இழுத்தான். பின்னே செருகினான். கடுகெழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தான். தான் வாங்கிய சீட்டுகளை இதற்குமுன் பார்த்தே இராதவன்போல இருந்தான்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தான். எதைப் போடவேண்டும் என்று சொல்லவில்லை.

"அண்ணி," என்றாள், தன் சீட்டுகளை இன்னும் திருப்பாமல். "இன்னொரு ஆட்டம் இருக்குங்க."

நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.