அறுபதும் பிடிக்கும்

தீவு நகரமான சூவாவில் மதிய மழை தகரக் கூரையில் இரைகிறது. கடைசி வருட மாணவர்களுக்கு வேலைக்கு வழிகாட்டும் லோசலினி, அபிசலோமே என்ற மாணவன் நிரப்பிய விருப்பப் படிவத்தைப் பார்க்கிறாள். அறுபது கேள்விகளுக்கும் ‘பிடிக்கும்’ என்றே குறித்திருக்கிறான். “கணக்கு எழுதுறது, மாடு அறுக்குறது, எல்லாமேவா பிடிக்கும்?” “கேக்குறவங்ககிட்ட பிடிக்கலைன்னு சொன்னா மரியாதை இல்லையே, மேடம்.” “காகிதத்துக்குமாடா மரியாதை? நாளைக்கு நேர்காணல்ல என்ன வேலை வேணும்னு கேப்பாங்களே?” “எது குடுத்தாலும் சரின்னு சொல்லுவேன். போன மூணு இடத்துலயும் அதான் சொன்னேன்.” மூன்று இடத்திலும் அவனை எடுக்கவில்லை. சிரிக்கிறான்; விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகுகின்றன. கர்த்தரே, இவன் வாய்க்கு ஒரேயொரு ‘வேண்டாம்’ கொடும் என்று மனதுக்குள் மன்றாடியபடி, லோசலினி தன் சாப்பாட்டு டப்பாவை அவன் பக்கம் நகர்த்துகிறாள். “பாதி உனக்கு. பிடிக்குமா?” “ரொம்பப் பிடிக்கும், மேடம்.” டப்பாவின் மூடியை இன்னும் திறக்கவில்லை.