முதலிடத்தில் கத்திரிக்காய்

"கத்திரிக்கா வாங்கச் சொன்னா, புழுவைக் குடும்பத்தோட கூட்டிட்டு வந்திருக்கீய. அவங்களுக்கும் சேத்து உலை வைக்கவா?"

"ஏட்டி, அதை இன்னொரு தடவ சொல்லு."

"சொன்னதையே சொல்ல நான் என்ன கிளிப்பிள்ளையா?"

கல்யாணமான இரண்டாம் மாதம். கோடம்பாக்கத்தில் ஒற்றை அறை. அவன் சிரித்துக்கொண்டே காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

ஏழு மாதம் கழித்து அதைத் திரையில் பேசினான். தியேட்டரே குலுங்கியது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. யாராவது தன் பக்கம் திரும்புவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ஒவ்வொரு படத்திலும் டைட்டில் ஓடி முடியும்வரை கண்ணிமைக்க மாட்டாள். லைட் பிடித்தவர் பெயர் வரும். சாப்பாடு போட்டவர் பெயர் வரும்.

'சிரிப்புப் பகுதி வசனம்' என்ற இடத்தில் அவன் பெயர் வரும்.

முப்பத்திரண்டு வருடம்.

இப்போது அவள் மடியில் ஒரு வார இதழ். அட்டையில் அவன் சிரிக்கிறான். உள்ளே நான்கு பக்கத்துக்கு அவன் நடித்த இருபது படங்களின் தரவரிசை, மோசமானதில் தொடங்கி மிகச் சிறந்தது வரை.

மோசத்திலிருந்தே படித்தாள்.

இருபதாம் இடம். அவள் தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்த வருடம்.

பத்தொன்பது. அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். மூன்று மாதம் பேசவே கூடாது என்றிருந்தார் டாக்டர்.

பதினெட்டு. அவன் தங்கை கல்யாணத்தில் அவள் அப்பாவைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பது நாள் அவனோடு அவள் பேசவில்லை.

'இந்த மூன்று படங்களில் மட்டும் இவருக்கு என்னதான் ஆயிற்றோ!' என்று எழுதியிருந்தார் விமர்சகர்.

அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மேலே போகப் போக, தாளுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்கத் தொடங்கியது.

ஒன்பதாம் இடத்தில், மாமியாரைப் பற்றி அவனிடம் மட்டும் சொன்னது. ஐந்தாம் இடத்தில், பால்காரரோடு அவள் போட்ட சண்டை. ஒரு வார்த்தை பிசகவில்லை.

இரண்டாம் இடத்தில், மகன் காய்ச்சலில் கிடந்தபோது சொன்னது. நாலு நாள் கழித்து வந்து நின்றவனிடம் கேட்டாள். "வழி தெரிஞ்சு வந்தீயளா, இல்ல யாரும் கொண்டாந்து விட்டாங்களா?"

அவள் கண்ணைத் துடைப்பதற்குள் அவன் பேனாவைத் தேடினான்.

அதற்குத்தான் விசில் பறந்ததாம்.

முதலிடம், கத்திரிக்காய்.

பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு கேள்வி: 'இத்தனை வசனமும் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?'

அவன் பதில்: 'தெருவில் நாலு பேர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பேன். அவ்வளவுதான்.'

நாலு பேர்.

தெருவில்.

இதழை விரித்தபடியே சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அவன் வந்து, தன் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதன்மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டான்.

அன்றிலிருந்து மூன்று நாளாக அவள் பேச்சு "ம்", "இல்ல" என்பதோடு நின்றுவிட்டது.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை புதுப் படத்தின் படப்பிடிப்பு. சட்டைப்பையில் பேனாவோடு சமையலறை வாசலில் வந்து வந்து நின்றான். காபியில் சர்க்கரையே இல்லை என்று பொய் சொல்லிப் பார்த்தான்.

அவள் சர்க்கரை டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

இன்று காலை, டிரைவர் இருக்க, அவனே மார்க்கெட்டுக்குப் போய் வந்தான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பையை அவள் முன் கவிழ்த்தான்.

கத்திரிக்காய். இரண்டு கிலோ இருக்கும்.

ஒவ்வொன்றிலும் ஓட்டை. ஒன்று தப்பவில்லை. கூடையில் தேடித் தேடிப் பொறுக்கியிருக்க வேண்டும்.

கவிழ்த்துவிட்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஏதோ நெளிந்தது.

காயைக் கீழே வைத்தாள்.

"புதுப் படத்துல, வசனம்னு வர்ற எடத்துல எம் பேரைப் போடணும். ஆவுடைத்தாய்னு. முழுசா."

அவன் கை தானாகப் பேனாவுக்குப் போனது. தோள் குலுங்கச் சிரித்தான்.

"ஏட்டி! அதை இன்னொரு தடவ சொல்லு."

ஆவுடைத்தாய் சொன்னதையே சொன்னாள்.