இரண்டு துளைகள்

இருபது வயதுக்காரர்களின் காதல் கதைகள் ரெஜினாவுக்கு எப்போதோ அலுத்துவிட்டன. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடும் காதல் வேண்டும், பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்கும் காதல் வேண்டும். ஆனால் இந்த எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம்: வயதானவர்கள் காதலித்தால் கடைசி அத்தியாயத்தில் ஒருவரைக் கொன்றுவிடுவார்கள். அதனால் வாடகை நூலகத்து நாவலை முதலில் அவள் கணவர் சூசைநாதன்தான் படிப்பார். சாவு வரும் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து ஸ்டேப்ளரால் பின் அடித்துத் தருவார். பின் அடித்த இடம்வரை படித்துவிட்டு அவள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவாள். போன செவ்வாய்க்கிழமை அவர் தன் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கத் தனியாகப் போய்வந்தார். “ஒண்ணுமில்ல, வெறும் வாயுதான்” என்றார். இன்று மாலை புது நாவலைக் கொடுத்தார். புரட்டிப் பார்த்தாள். எங்கும் பின் இல்லை.

“இதுல யாரும் சாகலையாங்க?”

“இத மட்டும் கடைசி வரைக்கும் படிச்சிரு, ரெஜி.” அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கடைசி அத்தியாயத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லாப் பக்கங்களின் ஓரத்திலும், ஒரே இடத்தில், இரண்டு சின்னத் துளைகள். அடித்த பின்னைப் பிடுங்கியிருக்கிறார். கட்டைவிரல் நகத்தால் தேய்த்துப் பார்த்தாள்; துளைகள் மூடவில்லை. அலமாரியிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்துவந்து அவர்முன் நீட்டினாள்.

“எப்பவும்போல அடிச்சுக் குடுங்க.”

சூசைநாதன் கைகளை மடியிலேயே வைத்திருந்தார்.