இரண்டாயிரம் கிலோமீட்டர்

“கணினிச் சிப்பு உங்கம்மா அரைக்கிற ஹரிஸா மிளகாய் விழுது மாதிரி காந்துது, ஹாத்தெம். அடிகளைக் குறைக்கப் போறேன்.”

“குறை. எழுத்து சிதையாம பாத்துக்கோ.”

“முதல்ல ரொட்டியை முழுங்கிட்டுப் பேசு.”

நெஜ்லா விசைகளைத் தட்டினாள். அவளுடையது பெறும் முனை; அவனுடையது அனுப்பும் முனை. நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டர் கண்ணாடி இழை. அவ்வளவு தூரம் வரும் ஒளித் துடிப்புகள் அகன்று, ஒன்றோடொன்று கலந்துவிடும். கணினி, வந்த வழியே கணக்கில் அடியடியாகப் பின்னால் நடந்து அவற்றைப் பிரிக்கும். ஒவ்வோர் அடிக்கும் மின்சாரம், சூடு. அடிகளைக் குறைப்பதுதான் இருவரின் வேலை.

அவளுக்கு அது இன்றோடு முடிகிறது. திங்கட்கிழமை பிரான்சின் லியோனில் புது வேலை.

“லியோன்ல கடல் இல்லையாமே?”

“ரெண்டு ஆறு இருக்கு.”

“ஆத்துல என்ன இருக்கு?”

“தண்ணி.” அவள் திரையைப் பார்த்தாள். “இது வழக்கமான எண் வரிசை இல்லையே. என்ன அனுப்பினே?”

“ஒரு வாக்கியம்.”

“ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதை அனுப்பினாத்தானே தப்பை எண்ண முடியும்?”

“தெரியாததையும் ஒருநாள் அனுப்பிப் பாக்கணும்ல.”

“துனிஸை விட்டுப் போறவளுக்குப் பரீட்சையா?”

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அடிகளைப் பாதியாக்கினாள். முதல் எழுத்து மட்டும் திரையில் நின்றது. பின்னால் எல்லாம் குப்பை.

“‘போ’ன்னு வருது.”

அவள் விசைகளிலிருந்து கையை எடுத்தாள்.

“போன்னா அனுப்பினே?” அவள் குரல் இறங்கியது. “சரி. போறேன்.”

“அவசரக்குடுக்கை. முழுசா திருத்திட்டுப் பேசு.”

“அடியைக் கூட்டினா சிப்பு கொதிக்கும்.”

“அப்போ விட்டுடு.”

“விடமாட்டேன். ஒளி பலமா இருக்கிற இடத்துலதானே சேதம்? அங்க மட்டும் சின்னச் சின்ன அடி. மங்கின இடத்துல ஒரே தாவு.”

தாவினாள். சிப்பு சூடேறவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

போகாதே, நெஜ்லா.

அவள் இரண்டு முறை படித்தாள்.

“இதைச் சொல்ல உனக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர் வேணுமா?”

நாற்காலியைத் திருப்பினாள். அத்தனை இழையும் சுருள் சுருளாக அடுக்கியிருந்த அலமாரியை ஒட்டி, கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஹாத்தெம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.