குடும்ப அட்டையில் ஒரு நத்தை

பாம்பன் கரையில் ஒவ்வொரு குடும்ப அட்டையிலும் ஒரு கடலுயிரின் பெயரும் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது அந்த வீட்டின் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்கு ஆமை கிடைத்தது. பாசி எடுக்கும் ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது கடுகளவு நத்தை. “இதைப் போய் யாரு தேடுறது?” என்று கணவன் பிரிட்டோ சிரித்தான். பிறகு அது வாழும் பாசித் திட்டில் நங்கூரம் போடுவதை அவனே நிறுத்திக்கொண்டான்.

மூன்று வருடமாக நத்தை யார் கண்ணிலும் படவில்லை. அட்டையிலிருந்து அதன் பெயரை நீக்குவதற்காக அதிகாரி திலகா காலையிலேயே வந்துவிட்டார்.

“தண்ணி வத்துற வரைக்கும் பொறுங்க மேடம்” என்று கெஞ்சிய ஜெசிந்தா, தண்ணீர் வற்றியதும் கடலில் இறங்கினாள். பிரிட்டோ லென்ஸோடு பின்னால் போனான்.

ஒரு மணி நேரம் கழித்து, தட்டில் ஒரு கொத்துப் பாசியோடு அவள் திரும்பினாள். திலகா லென்ஸை வாங்கிக் குனிந்தார். இளஞ்சிவப்பு ஓட்டுக்குள்ளிருந்து இரண்டு கொம்புகள் மெல்ல நீண்டன. பக்கத்தில் இன்னொன்று. அதைச் சுற்றி மணல் தூவியதுபோலக் குஞ்சுகள்.

பிரிட்டோவும் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“எத்தனைன்னு எழுதட்டும்?” என்றார் திலகா.

“எண்ண முடியல மேடம்” என்றாள் ஜெசிந்தா. “குடும்பம் பெருகிருச்சுன்னு எழுதுங்க.”