அபூ மிஷால் குடித்த காபி

“காபி ஆறுது. எடுத்துக்குங்க.”

“கேட்டது கிடைக்காம தொட மாட்டோம், பாஷா.”

அதிகாரி ஃபவாஸ் பாஷாவுக்கு எரிச்சலாக வந்தது. “இதென்ன கல்யாண வீடா? பொண்ணு கேட்டா வந்திருக்கீங்க? இது விமானத் துறை ஆபீஸ்யா!”

எதிரே வரிசையாக எட்டுப் பேர். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுவது, படிக்கட்டு கொண்டுபோய் வைப்பது, விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுவது எல்லாம் இவர்களுடைய ஆட்கள்தான். இந்தத் தரைச் சேவைக் கம்பெனிகளுக்கு ஒரு சங்கம், அதற்குக் கஸ்ஸான் என்று ஒரு செயலாளர். இரண்டு வருடமாக மனு மேல் மனு போட்டு அலுத்துப்போனவர்.

மனுவைத்தானே கிடப்பில் போடுவார்கள், மனுஷனைப் போட முடியுமா? முதலாளிகளின் தோளில் ஆளுக்கொரு அங்கியைப் போர்த்தி, ஜாஹாவாகவே கூட்டி வந்துவிட்டார். பெண் கேட்கவும் பகை தீர்க்கவும் போகிற பெரியவர்கள் கூட்டம்தான் ஜாஹா. காபியைத் தொடாமல் அவர்கள் திரும்பினால் வீட்டுக்காரருக்குத்தான் அவமானம். இரண்டு அங்கி வாடகை. சலவைக்கடைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

கேட்டது என்னவோ சின்ன விஷயம். விமானம் நிற்கிற இடம் ஒவ்வொன்றிலும் ஒரு குளிர்சாதன அறை, மணிக்கொரு தரம் பத்து நிமிஷ ஓய்வு. அதை விதியாகப் போட வேண்டும்.

“போன வாரம் மட்டும் பதினோரு பேர் மயங்கி விழுந்துட்டாங்க, பாஷா,” என்றார் கஸ்ஸான். “இன்னும் ஜூலைகூட பொறக்கல. அடுத்தது யாராவது செத்துத்தான் போவாங்க.”

“விமானம் லேட்டாகுமே!” என்று பாய்ந்தார் நதீம். இவர் விமானக் கம்பெனிகளின் ஆள். பாஷாவின் பக்கத்து நாற்காலிக்கு இவர் பெயரில் பட்டாவே இருக்கிறது என்று கேலி பேசுவார்கள். அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தது இவர் ஒருவர்தான். மூன்றாவது கோப்பை.

“கேட்டீங்கல்ல? முடியாது,” என்றார் பாஷா. “மனுஷன்னா வேர்க்கத்தான் செய்யும்.”

ஏசியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு சொன்னார் இதை.

“அப்ப நாங்களும் எந்திரிக்க முடியாது.”

எழுந்திருக்கவில்லை. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. ஒருவர் குறட்டையே விட்டார். ஓர் ஈ எட்டுக் கோப்பையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, அதுவும் குடிக்காமல் போனது.

திடீரென்று, படிக்கட்டு வண்டிகளின் முதலாளி அபூ மிஷால் கோப்பையை எடுத்தார். மடக்கென்று குடித்தார். மீசையையும் துடைத்துக்கொண்டார்.

கஸ்ஸானுக்கு உயிரே போய்விட்டது. “ஐயோ, அபூ மிஷால்! என்ன காரியம் பண்ணிட்டீங்க!”

“தொண்டை வறண்டுபோச்சுப்பா.”

“தண்ணி கேட்டிருக்கலாமே! ஒரு மடக்குக் காபிக்கு எங்க எல்லாரையும் வித்துட்டீங்களே!”

நதீம் தொடையைத் தட்டிச் சிரித்தார். “பந்தி முடிஞ்சுது. கிளம்புங்க, கிளம்புங்க!”

அந்த நேரம் பார்த்துக் காபி ஊற்றும் ஸப்ரி கெண்டியோடு உள்ளே வந்தார். காலிக் கோப்பை கண்ணில் பட்டது. ஜாஹா குடித்தால் கேட்டது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அவர் வேறு என்ன நினைப்பார்?

“மப்ரூக்! மப்ரூக்!” என்று வாழ்த்திக்கொண்டே வெளியே ஓடினார். “பாஷா குடுத்துட்டாரு! ஜாஹா குடிச்சிருச்சு!”

மேல்மாடியில் யாரோ குலவையே இட்டார்கள்.

பாஷாவின் செல்போன் அலறியது. கரக் ஊரிலிருந்து தாய்மாமன். செவிடர்களுக்கே உரிய குரல், அறை முழுக்கக் கேட்டது. “மருமவனே! உன்கிட்ட வந்த ஜாஹா காபி குடிச்சுதாமே! நம்ம குலத்து மானத்தைக் காப்பாத்திட்டேடா!”

பாஷா போனை வைத்தார். முகம் சிவந்திருந்தது. “பாத்தியா நதீம்? இனிமே முடியாதுன்னு சொன்னா எவன் நம்மளை மதிப்பான்? நாளைக்கு உன் மகனுக்கு நீ ஜாஹா கூட்டிட்டுப் போனா, எவன் காபி ஊத்துவான்?”

நதீம் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தானே.

“எழவெடுத்த காபி!” என்று திட்டிக்கொண்டே பாஷா கையெழுத்துப் போட்டார். மீதி ஏழு பேரும் பச்சைத் தண்ணீராகிவிட்ட கசப்பைச் சொட்டு விடாமல் குடித்தார்கள்.

லிஃப்டில் கஸ்ஸான் பொரிந்து தள்ளினார். “ஏதோ நம்ம நல்ல நேரம், தப்பிச்சோம். இல்லேன்னா உங்க வாயால இந்தக் கோடையும் போயிருக்கும். அந்தக் கல்நெஞ்சுக்காரன் ஒரு நாளும் மனசு வந்து போட்டிருக்க மாட்டான்!”

“யாரு, அவரா கல்நெஞ்சுக்காரரு?” அபூ மிஷால் சிரித்தார். “வாசல்ல கன்னத்துல முத்தம் குடுத்து வரவேத்தாருல்ல, அப்ப என் காதுல என்ன சொன்னாரு தெரியுமா?”

“என்ன சொன்னாரு?”

“‘நதீம் நம்புற மாதிரி ஒரு மணி நேரம் அடம்புடிங்க, அப்புறம் யாராவது ஒருத்தர் குடிச்சுத் தொலைங்க. எங்க மாமா காலைலேர்ந்து போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு’ன்னாரு.”